வெடிக்குப் பக்கத்தில ஒரு கொடி

என்னட்ட ஒரு சான்றிதழ் இருக்கு. 16 வயதுக்குட்பட்ட ஆண்கள், 100 மீற்றர், மூன்றாம் இடம். இல்ல மெய்வல்லுநர் போட்டியில எடுத்தது. வாழ்க்கையில நான் ஓடி எடுத்த ஒரே சான்றிதழ் அதுதான். ஆனா அது எனக்கு வந்திருக்க வேண்டியதில்லை எண்டு இப்ப நினைக்கிறன்.

அண்டைக்கு நான் நாலாவது லேன். ஐஞ்சாவது லேனில நிண்டவன் எங்கட வகுப்புத்தான். காதுக்குப் பின்னால மெசின் போட்டிருப்பான். வேர்வை பட்டாப் பழுதாகிப்போகும் எண்டு ஓட முன்னம் அதைக் கழற்றி அம்மாட்டக் குடுத்திட்டு வருவான். மெசின் இல்லாட்டி அவனுக்குப் பக்கத்தில நிண்டு கத்தினாலும் கேக்காது. "ஒன் யுவர் மார்க்ஸ்" எண்டு சொல்லேக்க அவன் எங்களைப் பார்த்துக் குனிஞ்சான். "செற்" எண்டேக்க எங்களைப் பார்த்து எழும்பினான். வெடி வெடிச்சது. நாங்கள் ஓடினம். நாங்கள் ஓடுறதைப் பார்த்து அவன் ஓடினான்.

கடைசியில எனக்கும் அவனுக்கும் இடையில இருந்தது ஒரு அடி. நான் மூன்றாவது, அவன் நாலாவது. "காது கேளாட்டியும் என்ன ஓட்டம் ஓடுறான் பாத்தீங்களோ" எண்டு ஒலிபெருக்கியில சொல்லிச்சினம். எல்லாரும் கை தட்டினம், நானும் தட்டினன். அந்தக் கைதட்டலும் அவனுக்குக் கேட்டிருக்காது.

இப்ப ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பம். இது விஞ்ஞானப் பிரிவுக்காரருக்கு மட்டுமான கணக்கில்லை, கலைப்பீடத்து எனக்கே விளங்கின கணக்கு. ஒரு அசைவைக் கண்ணால கண்டு உடம்பு அசையிறதுக்கு அண்ணளவா 0.2 செக்கன் வேணும். நான் வெடியைக் கேட்டு அசையிறன். அவன் நான் அசையிறதைக் கண்டு அசையிறான். அப்ப ஓட்டம் தொடங்கேக்கையே அவன் என்னை விட 0.2 செக்கன் பிந்தியிட்டான். 100 மீற்றரை 13 செக்கனில ஓடுற ஒரு பெடியன் 0.2 செக்கனில ஓடுற தூரம் ஒன்றரை மீற்றர். அவன் தோத்தது ஒரு அடியால. மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கோ.

இது எங்கட ஊரில மட்டும் நடக்கிற விசயமில்லை, ஆருக்கும் தெரியாத விசயமுமில்லை. சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். 400 மீற்றர் ஓட்டத்தில எட்டாவது லேனில நிக்கிறவர் முதலாவது லேனில நிக்கிறவரை விட 50 மீற்றருக்கு மேல முன்னுக்கு நிப்பார். உள்பக்கம் நிண்டு வெடி வைச்சா அந்தச் சத்தம் அவரிட்டப் போய்ச்சேரக் கிட்டத்தட்ட 0.15 செக்கன் எடுக்கும். இது அநியாயம் எண்டு சொல்லித்தான் பெரிய போட்டிகளில ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் பின்னால தனித்தனியா ஒரு ஸ்பீக்கர் வைக்கினம். காது கேக்கிறவைக்கு 0.15 செக்கன் பிந்திக் கேக்கிறது அநியாயம் எண்டு உலகம் ஒத்துக்கொண்டு அதுக்குக் காசும் செலவழிச்சிருக்கு. கேக்கவே கேக்காதவருக்கு மட்டும் "தன்னம்பிக்கை இருந்தாப் போதும்" எண்டு சொல்லிப்போட்டுப் போறம்.

இதையெல்லாம் நான் திருப்பி யோசிக்கத் தொடங்கினது சமீஹா பர்வீன்ர கதையைப் படிச்ச பிறகு. தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம், கடையாலுமூடு எண்ட ஊர்ப் பிள்ளை. சின்ன வயதில வந்த காய்ச்சலுக்குப் பிறகு காது கேக்காமப் போனது. நீளம் பாய்தல், ஓட்டம் எண்டு கேளாதோருக்கான தேசிய போட்டிகளில பதக்கம் எடுத்தவர். 2021 ஆகஸ்ட்டில போலந்தின் லுப்ளின் நகரத்தில கேளாதோர் உலக மெய்வல்லுநர் சம்பியன்சிப் நடக்க இருந்தது. அதுக்கு முதல் மாசம் டெல்லியில தெரிவுப் போட்டி. சமீஹா அங்க போய் தகுதியைக் காட்டினார். ஆனா போலந்துக்குப் போற பட்டியல் வந்தபோது அதில ஆண்கள் மட்டும்தான் இருந்திச்சினம். பெண்களில அவர் ஒருத்தர்தான் தேறினவர், ஒரே ஒரு பெண்ணை எப்பிடித் தனியா அனுப்பிறது எண்டதுதான் சொல்லப்பட்ட காரணம்.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆர். மகாதேவன் அவரையும் அணியோட கூட்டிக்கொண்டு போகச் சொல்லி உத்தரவு போட்டார். போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கேக்க வந்த உத்தரவு அது. சமீஹா லுப்ளினுக்குப் போனார், போட்டியில பங்குபற்றினார்.

இந்தக் கதையை நான் முதல்ல வாசிச்சது ஒரு பேஸ்புக் பதிவில. "குறையை வென்று சாதித்த மங்கை" எண்டு தலைப்புப் போட்டிருந்திச்சினம். எனக்கு அந்தத் தலைப்பில ஒரு பிழை தெரிஞ்சது. அவர் எந்தக் குறையை வென்றவர்?

நீளம் பாய்தலை யோசிச்சுப் பாருங்கோ. அதுக்கு வெடி இல்லை. பாய்றவர் தன்ர அடையாளத்தில நிண்டு, தன்ர நேரத்தில ஓட்டத்தைத் தொடங்கி, பலகையை மிதிச்சுப் பாய்வார். பாய்ச்சல் சரியெண்டா வெள்ளைக் கொடி, பிழையெண்டா சிவப்புக் கொடி. நேரம் எவ்வளவு மிச்சம் எண்டதையும் பெரிய போட்டிகளில மணிக்கூட்டில காட்டுவினம். எல்லாமே கண்ணுக்குத் தெரியிற விசயம். காது கேக்கிறவருக்கும் கேக்காதவருக்கும் அங்க பெரிய வித்தியாசமே இல்லை. அதோட அவர் தெரிவானது காது கேளாதவைக்கெண்டே வைச்ச போட்டிக்கு. அப்ப அவரை மறிச்சது காது இல்லை. ஒரு மேசையில இருந்து பெயர்ப்பட்டியல் எழுதின ஆக்கள். அவர் வென்றது தன்ர குறையை இல்லை, அவையின்ர குறையை.

எங்கட தன்னம்பிக்கைப் பதிவுகளில இதுதான் வழமையாத் தவறுப்படுற விசயம். பிரச்சினை முழுக்க அந்த ஆளின்ர உடம்புக்குள்ள இருக்கிற மாதிரியும், அவர் மனசை வைச்சா எல்லாம் சரிவந்திடும் எண்ட மாதிரியும் எழுதுவம். அப்பிடி எழுதினாப் பிறகு ஒழுங்கமைப்பாளரையோ, தெரிவுக் குழுவையோ, வெடி வைக்கிற சேரையோ ஆரும் கேள்வி கேக்கத் தேவையில்லை. கை தட்டிப்போட்டு வீட்ட போகலாம், நான் போன மாதிரி.

சமீஹா லுப்ளினில இருந்த அதே கிழமை டோக்கியோவில பராலிம்பிக் தொடங்கினது. எங்கட நாட்டுக்கு அது மறக்கேலாத பராலிம்பிக். தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிதலில 67.79 மீற்றர் எறிஞ்சு, உலக சாதனையோட இலங்கைக்கு முதலாவது பராலிம்பிக் தங்கத்தை எடுத்துக் குடுத்தார். ரீவி, பத்திரிகை எல்லாம் அதுதான். எடுக்கத்தான் வேணும், சந்தோசம். ஆனா அந்த நேரத்தில லுப்ளின் எண்ட ஊரில இன்னொரு உலகப் போட்டி நடக்குது எண்டு எங்களில எத்தினை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

கனபேர் நினைக்கிற மாதிரி, காது கேளாத வீரர்களுக்குப் பராலிம்பிக்கில இடமில்லை. அவைக்கு டெஃப்லிம்பிக் எண்டு தனிப் போட்டி இருக்கு. அது பராலிம்பிக்கை விட வயசு கூடினது. 1924 இல பாரிஸில தொடங்கினது. அவையின்ர சர்வதேச அமைப்பு கொஞ்சக் காலம் பராலிம்பிக் குழுவோட இருந்து, 1995 இல விலகித் தனியாப் போனது. விதிமுறையும் தெளிவானது: நல்லாக் கேக்கிற காதிலயே 55 டெசிபலுக்கு மேல கேள்விக் குறைபாடு இருக்க வேணும். போட்டி நேரத்தில காது மெசினோ, காதுக்குள்ள பொருத்தின கருவியின்ர வெளிப்பகுதியோ போடேலாது. எல்லாரும் ஒரே அமைதியில நிண்டு ஓட வேணும். வெடிக்குப் பதிலா ஒவ்வொருத்தருக்கும் முன்னால ஒரு சின்ன விளக்கு. சிவப்பு எண்டா இடத்தில நில், மஞ்சள் எண்டாத் தயாராகு, பச்சை எண்டா ஓடு. பிரச்சினை அவ்வளவோட தீர்ந்தது.

2022 மேயில பிரேசிலின் கஷியாஸ் டோ சுல் நகரத்தில நடந்த டெஃப்லிம்பிக்கில மதுரைப் பிள்ளை ஜெர்லின் அனிகா பூப்பந்தில மூண்டு தங்கம் எடுத்தார். 2025 நவம்பரில டெஃப்லிம்பிக் முதல் தடவையா ஜப்பானுக்கு வந்து, அதே டோக்கியோவில நடந்தது. பராலிம்பிக் நடக்கேக்க டோக்கியோ எண்டு சொன்ன எங்கட ரீவிக்காரர் எத்தினை பேர் இந்த முறை டோக்கியோ எண்டு சொன்னவை எண்டு நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்கோ.

தனிப் போட்டி இருக்கிறது நல்லது. ஆனா அதுக்கு ஒரு விலையும் இருக்கு. ஒலிம்பிக்காரர் "உங்களுக்குத்தான் தனியா இருக்கே" எண்டுவினம். பராலிம்பிக்காரரும் அதையே சொல்லுவினம். அரசாங்கம் பரிசு குடுக்கேக்க இவையளைக் கடைசியில எழுதும். இந்தியாவில வீரேந்தர் சிங் எண்ட காது கேளாத மல்யுத்த வீரர் இருக்கிறார், டெஃப்லிம்பிக் தங்கங்கள் எடுத்தவர். 2021 நவம்பரில அவருக்குப் பத்மஸ்ரீ குடுத்தவை. அந்த விருதுகளையும் கொண்டுபோய் டெல்லியில ஹரியானா பவனுக்கு வெளிய நடைபாதையில குந்தியிருந்து, பராலிம்பிக் வீரர்களுக்குக் குடுக்கிற உரிமையை எங்களுக்கும் தாங்கோ எண்டு கேட்டவர். ஜனாதிபதியின்ர கையால விருது வாங்கின ஆளுக்கே அந்த நிலைமை எண்டா, இல்லப் போட்டியில நாலாவதா வந்த பெடியனைப் பற்றி ஆர் கதைக்கப் போயினம்?

இதை நான் கம்பஸில கூட்டாளியளோட கதைச்சபோது வந்த பதில்களையும் சொல்ல வேணும்.

முதலாவது பதில்: "அவைக்குத்தான் தனிப் பாடசாலை இருக்கே." இருக்கு. கோப்பாயில இருந்து கைதடிக்குப் போற வீதியால போனா நவீல்ட் பாடசாலை தூரமில்லை. காது கேளாத, கண் தெரியாத பிள்ளையளுக்காக அது செய்யிற வேலை பெரிசு. ஆனா காது கேளாத பிள்ளையள் எல்லாரும் விசேட பாடசாலையில இல்லை. என்ர வகுப்புப் பெடியன் மாதிரி, மெசினைப் போட்டுக்கொண்டு சாதாரணப் பாடசாலையில முன் வாங்கில இருந்து வாயைப் பார்த்துப் படிக்கிற பிள்ளையளும் இருக்கினம். அவையள் ஓடுறது எங்கட மைதானத்தில, எங்கட வெடிக்கு. விசேட பாடசாலையில படிக்கிற பிள்ளை வேகமா ஓடி வலய மட்டம், மாகாண மட்டம் எண்டு வந்தாலும் அங்க இருக்கப்போறதும் அதே வெடிதான்.

இரண்டாவது பதில்: "காசு." டெஃப்லிம்பிக்கில வைக்கிற விளக்குத் தொகுதி எங்கட பாடசாலையளுக்கு விலைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா தொடங்கிறதுக்கு அது தேவையில்லை. வெடி வைக்கிறவரின்ர பக்கத்தில, ஓடுறவரின்ர கண்ணுக்கு நேர ஒருத்தர் ஒரு கொடியோட நிண்டாப் போதும். "செற்" எண்டேக்கக் கொடி மேல, வெடியோட கொடி கீழ. பிசகான தொடக்கத்துக்கு இரண்டாவது வெடி வைச்சா, முன்னுக்கு முப்பது மீற்றரில இன்னொருத்தர் கொடியைக் குறுக்கால பிடிக்க வேணும். இல்லாட்டி எல்லாரும் நிண்டாப் பிறகும் அவன் ஒருத்தன் மட்டும் ஓடிக்கொண்டிருப்பான், சனம் சிரிக்கும், திரும்பி வந்து களைச்ச காலோட மறுபடி ஓட வேண்டி வரும். இதுக்குத் தேவை இரண்டு கொடியும் இரண்டு ஆக்களும், அதோட முதல் நாள் பின்னேரம் அந்தப் பிள்ளையோட ஒரு பத்து நிமிசப் பயிற்சியும். எங்கட இல்லப் போட்டியளில இல்லங்களைச் சோடிக்கிறதுக்குச் செலவழிக்கிற காசைப் பார்த்தா இது ஒண்டுமே இல்லை.

மூன்றாவது பதில்தான் என்னை யோசிக்க வைச்சது: "ஒரே ஒருத்தனுக்காக எல்லாத்தையும் மாத்தேலுமே?"

ஒரே ஒருத்தர். இந்தச் சொல்லை நான் ஏற்கெனவே எங்கயோ கேட்டிருக்கிறன். சமீஹாவுக்கும் இதைத்தானே சொன்னவை? ஒரே ஒரு பெண், எப்பிடி அனுப்பிறது. ஒரே ஒரு பெடியன், எப்பிடி மாத்திறது. ஒரு ஆளுக்கு இடம் குடுக்காட்டி இரண்டாவது ஆள் எங்க இருந்து வரும்? மைதானத்துக்கு வந்து பார்த்து, "இது எனக்கில்லை" எண்டு திரும்பிப் போன பிள்ளையளை ஆரும் எண்ணிறதில்லை. பிறகு "ஒருத்தர்தானே வாறார்" எண்டு நாங்களே சொல்லுறம்.

ஒரே ஒருத்தருக்காக மாத்தின இடமும் இருக்கு. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக். இது கேளாதோர் போட்டி இல்லை, எல்லாருக்குமான ஒலிம்பிக். தென்னாபிரிக்க நீச்சல் வீரர் ரெரன்ஸ் பார்கினுக்குக் காது கேளாது. அவருக்காகத் தொடக்கத்துக்கு ஒரு மின்னி எரியிற விளக்கு வைச்சினம். 200 மீற்றர் மார்பு நீச்சலில அவர் வெள்ளிப் பதக்கம் எடுத்தார். அந்த விளக்கு அவருக்கு ஒரு செக்கனும் கூடக் குடுக்கேல்லை. மற்றவை தொடங்கிற அதே நேரத்தில தொடங்க விட்டது, அவ்வளவுதான். பக்கத்தில நீந்தினவைக்கும் அதால ஒரு நட்டமும் இல்லை. தண்ணிக்கு மேல ஒரு விளக்கு மின்னினதால ஒலிம்பிக் கெட்டுப்போகேல்லை.

சட்டம் இல்லை எண்டும் சொல்லேலாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க எங்கட நாட்டில 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016 இல ஏற்று உறுதிப்படுத்தினது. அதின்ர 30 ஆவது உறுப்புரை விளையாட்டைப் பற்றியும் சொல்லுது, பாடசாலையில நடக்கிற விளையாட்டில மற்றப் பிள்ளையளுக்குச் சமமா இந்தப் பிள்ளையளும் பங்குபற்ற வேணும் எண்டதையும் சேர்த்து. எழுதியிருக்கிறதுக்கும் எங்கட மைதானத்துக்கும் இடையில இருக்கிற தூரம்தான் பிரச்சினை. சமீஹாவுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க உயர்நீதிமன்றம் தேவைப்பட்டது. ஒரு இல்லப் போட்டிக்காக எந்தப் பிள்ளையும் நீதிமன்றத்துக்குப் போகப்போறதில்லை. அதால இதை நாங்கள்தான் செய்ய வேணும்.

நாங்கள் எண்டு சொல்லேக்க நான் அரசாங்கத்தைச் சொல்லேல்லை. தை, மாசி வந்தா யாழ்ப்பாணத்தில ஒவ்வொரு பாடசாலையிலயும் இல்லப் போட்டி. பழைய மாணவர் எண்டு சொல்லிக்கொண்டு போய் நேரம் எடுக்கிறதும், கயிறு பிடிக்கிறதும், நடுவரா நிக்கிறதும் எங்கட வயதுக்காரர்தான். விளையாட்டுக் கழகங்களின்ர போட்டியளை நடத்திறதும் நாங்கள்தான். இந்த முறை போகேக்க ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: "இந்த ஓட்டத்தில காது கேளாத பிள்ளை ஆரும் இருக்கினமோ?" இருந்தா, போய்ப் பக்கத்தில கொடியைப் பிடியுங்கோ. ஆரிட்டயும் அனுமதி கேக்க வேண்டி வந்தா, கேளுங்கோ. மறுத்தா, ஏன் எண்டு கேளுங்கோ. "ஒரே ஒருத்தர்தானே" எண்டு பதில் வந்தா, என்ன சொல்ல வேணும் எண்டு உங்களுக்கு இப்பத் தெரியும்.

இதை எழுத முன்னம் அந்தப் பெடியனுக்கு வட்ஸ்அப்பில மெசேஜ் போட்டன். அவன் இப்ப வேலைக்குப் போறான், ஓட்டத்தை அந்த வருசத்தோட விட்டிட்டான். அண்டைக்கு ஓடின ஓட்டம் ஞாபகம் இருக்கோ எண்டு கேட்டன். கொஞ்ச நேரத்தால பதில் வந்தது.

"ஞாபகம் இருக்கு. வெடியைப் பார்க்கேலாது, அதால உன்ர காலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ கொஞ்சம் லேட்டாத்தான் எடுத்தனி மச்சான்."

கடைசியில ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தான். நானே பிந்தித் தொடங்கினவன். அவன் என்னைப் பார்த்து, அதுக்கும் பிந்தித் தொடங்கினவன். அந்தச் சான்றிதழ் இன்னும் என்ர பைலுக்குள்ளதான் இருக்கு. வாற மாசியில எங்கட ஊர்ப் பக்கத்தில எங்க போட்டி நடந்தாலும் நான் ஒரு கொடியோட போறதா இருக்கிறன். ஆராவது கூட வாறதெண்டாச் சொல்லுங்கோ, இரண்டு பேர் வேணும்.